வெள்ளைத் துணி கட்டிய வண்டி

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனுக்கு டீயைச் சூடாகக் குடிக்கக் கொடுத்து வைக்காது, ஐயா. கிளாஸை வாயில் வைக்கும்போதுதான் போன் வரும். ரொம்ப நாளைக்குப் பிறகு உங்கள் ஸ்டேஷனில்தான் ஒரு டீயை முழுசாகக் குடித்தேன். அதற்கு முதலில் நன்றி.

நீங்கள் எழுதி வைத்திருப்பதைப் படித்தேன். இருசக்கர வாகனத்தில் வந்த இளம்பரிதி, முன்னால் சென்ற ஆம்புலன்ஸுக்குப் போதிய இடைவெளி விடாமல் பின்தொடர்ந்து வந்து மோதி இறந்தார் என்று இருக்கிறது. பின்னால் வந்து இடிப்பவன் மேல்தான் தப்பு என்பது ரோட்டில் எல்லோருக்கும் தெரிந்த நியாயம். கீழே சகாயநாதன் என்று ஒரு கையெழுத்துப் போட்டால் நான் ரெட்டியார்பாளையம் வீட்டுக்குப் போய்த் தூங்கலாம். போடத்தான் வந்தேன். உட்கார்ந்த பிறகு முடியவில்லை.

சைரன் போட்டால் சனங்கள் ஒதுங்குகிறார்கள். நம் ஊரைச் சும்மா சொல்லக் கூடாது, எவ்வளவு நெரிசலிலும் வழி விடுவார்கள். ஆனால் அந்த வழி மூடுவதற்குள் எவனாவது என் வாலைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவான். ஆபீசுக்கு லேட்டானவன் வருவான். கடற்கரையில் போட்டோ எடுக்க வெளியூரிலிருந்து காரில் வந்தவன் வருவான். அவசரமே இல்லாமல் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவனும் வருவான். உயிருக்குப் போராடுகிற ஒருவருக்காக ஊர் விட்ட வழி அது, அதில் இவன் ஓசியில் போகிறான். வருஷக்கணக்காகக் கண்ணாடியில் இதையே பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஜன்னல் வழியாகக் கையை நீட்டித் தள்ளி வரச் சொல்லிப் பார்த்தேன், எவனும் கேட்கவில்லை. பிறகு பிரேக்கை லேசாகத் தட்ட ஆரம்பித்தேன். சிவப்பு லைட்டைப் பார்த்ததும் பதறிப்போய் விலகுவார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் பழகிவிட்டார்கள். அதனால் ஒரு சின்ன சுவிட்ச் வாங்கி, பிரேக் லைட்டுக்குப் போகும் ஒயரில் நானே கோத்துவிட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிறது. அதை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தால் பின்னால் வருகிறவனுக்கு எதுவும் தெரியாது. உங்கள் ஆட்கள் வண்டியைச் சோதித்தபோது லைட் நன்றாக எரிந்தது. அவர்கள் வருவதற்குள் சுவிட்சைப் போட்டு வைத்துவிட்டேன்.

இந்தப் பையனுக்கு முன்பு யாருக்கும் பெரிதாக அடிபட்டதில்லை. ஒருவனுக்கு முன்பல் போனது. ஒரு காருக்கு மூஞ்சி நசுங்கியது. அவர்கள் யாரும் புகார் கொடுக்கவில்லை, ஆம்புலன்ஸ் மேல் இடித்தேன் என்று எந்த முகத்தோடு வந்து சொல்வார்கள்? உள்ளே படுத்திருப்பவருக்கு பெல்ட் போட்டிருக்கும். அவர் உடம்பு அலுங்காத அளவுக்குத்தான் மிதிப்பேன். அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கவனம், ஐயா.

அன்றைக்குப் பிள்ளைச்சாவடியிலிருந்து கூப்பிட்டார்கள். ஆதிமூலம் என்று ஒரு மீனவர், வலையை உதறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே சாய்ந்துவிட்டார். அவரையும் அவர் மனைவி அஞ்சலாட்சியையும் ஏற்றினேன். மகன் இளம்பரிதி தானும் ஏறுவேன் என்று கதவைப் பிடித்துக்கொண்டு அழுதான். கூட ஒருவர்தான் வரலாம்.

“நீ பைக்ல வா தம்பி,” என்றேன். “என் பின்னாடியே உடாம வா. கேப்பு உட்டினா நடுவுல எவனாச்சும் பூந்துடுவான்.”

கட்டுப் போடுகிற வெள்ளைத் துணியில் ஒரு முழம் கிழித்து அவன் ஹேண்டில்பாரில் நானே கட்டினேன். சொந்தக்காரர் வண்டிக்கு அப்படிக் கட்டி விடுவது எங்கள் வழக்கம்.

“இது இருந்தா உன்ன யாரும் நிறுத்த மாட்டாங்க. நானும் கண்ணாடில பாத்துக்குவேன்.”

“சரிண்ணா,” என்றான்.

சொன்ன மாதிரியே வந்தான். இம்மிகூட விலகவில்லை, ஹாரனில் வைத்த விரலையும் எடுக்கவில்லை. கோரிமேடு சாலைக்குத் திரும்பும்போது அவனுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் கார் ஒட்டிக்கொண்டது. அந்தக் காருக்குப் பின்னால் இன்னும் சில பைக்குகள். ஒரு ஊர்வலமே என் பின்னால் வந்தது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை, அந்த ஹாரன் சத்தம் மண்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. ஒரு தட்டு தட்டினால் கூட்டம் கலைந்துவிடும் என்று நினைத்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுப் பிரேக்கை மிதித்தேன்.

பின்கதவில் டம்மென்று ஒரு சத்தம் கேட்டது. ஹாரன் நின்றுவிட்டது.

“இன்னா தம்பி சத்தம்?” என்றார் அந்த அம்மா.

“பள்ளம்மா, ஒண்ணுமில்ல.”

நான் நிற்கவில்லை. உள்ளே நோயாளியை வைத்துக்கொண்டு நடுவழியில் நிற்கக் கூடாது. ஆதிமூலத்தை நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தேன், அவர் பிழைத்துக்கொண்டார். கீழே விழுந்த பையன் மேல் அந்த வெள்ளைக் கார் ஏறிவிட்டது. அந்தக் கார்க்காரனும் இடைவெளி விட்டு வந்திருக்க வேண்டியவன்தானே? அவனைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை.

நேற்று அஞ்சலாட்சி எங்கள் ஆம்புலன்ஸ் ஸ்டாண்டுக்கே என்னைத் தேடி வந்தார். திட்ட வருகிறார் என்று நினைத்தேன்.

“எம்புள்ள வந்து உன் வண்டில மோதிட்டானாமே தம்பி,” என்றார். “பின்னாடியே ஒட்டிக்கினு வந்தான்னு போலீஸ்ல சொன்னாங்க. அவனுக்கு எப்பவும் அவசரம். அதால உன் வேலைக்கு ஒண்ணும் ஆயிடலியே?”

வீட்டுக்காரரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்காக என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்குக் கை கூசியது. இன்னும் கூசிக்கொண்டுதான் இருக்கிறது.

அதனால் தப்பு என்னுடையது என்று மாற்றி எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. ஆனால் தெரியாமல் நடந்தது என்று எழுதுங்கள். கண்ணாடியில் யார் எவர் என்று எங்கே தெரிகிறது? நான் நினைத்தது அந்தக் காரை. இவன் நடுவில் இருந்தது எனக்கு...

நீங்கள் எழுதாமல் என்னையே பார்க்கிறீர்கள். சரி. பேனாவை எடுங்கள், இன்னும் கொஞ்சம்தான் இருக்கிறது.

பிரேக் போடுவதற்கு முன்னால் அஞ்சலாட்சி என் முதுகுக்குப் பின்னாலிருந்த சின்ன ஜன்னலைத் தட்டினார்.

“புள்ள வரானா பாரு தம்பி.”

பார்த்தேன். வெள்ளைத் துணி காற்றில் படபடத்துக்கொண்டு வந்தது.

“வரான்மா, பின்னாடியேதான் வரான்,” என்றேன். சொல்லிவிட்டுத்தான் சுவிட்சில் கை வைத்தேன்.