விட்டுப் போகிறவனுக்கு ஒரு யோசனை

“உங்கள விட்டுட்டுப் போறதுக்கு உங்ககிட்டயே யோசனை கேக்குறானா?”

நாகப்பட்டினத்திலிருந்து திருவாரூர் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்த அம்மா தன் கணவரைக் கேட்டது டிரைவர் வரைக்கும் கேட்டிருக்கும். துபாயிலிருந்து லீவுக்கு வந்தவர்கள். பெட்டியில் விமானக் கம்பெனிச் சீட்டு இன்னும் தொங்கியது.

“மெதுவா பேசும்மா. பாபுவுக்குக் கேக்க வேற யாரு இருக்கா?”

“கோல்ஃப் மைதானத்துல அடுத்தவன் பையத் தூக்கிட்டு இருந்தவன். ஸ்பான்சர் புடிச்சு, விசா எடுத்து, அவன ஆட்டக்காரனா ஆக்குனது நீங்க. இப்ப ஜெயிச்சதும் உங்க எடத்துக்கு லண்டன்காரன் ஏஜென்ட்டா வர்றானாக்கும்!”

“அவங்க அவன அமெரிக்கா வரைக்கும் கொண்டுபோவாங்க. என்னால அது முடியாது.”

அவர் கையிலிருந்த போன் மறுபடி அடித்தது.

“சொல்லு பாபு. அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதே. கையில அடிபட்டு ஆட முடியாமப் போனாலும் பாதியில கழட்டி விடக் கூடாதுன்னு எழுதி வாங்கு. அப்புறம் போடு.”

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நடவு முடிந்த வயல்கள். கீவளூர் தாண்டியதும் கணவரின் தோளை இடித்தார்.

“தோத்த அன்னைக்கு அவன் தனியா இருந்தா சாப்பிட மாட்டான். நாமதான் வீட்டுக்கு இழுத்துட்டு வந்து சோறு போடுவோம். அதையும் எழுதச் சொன்னீங்களா?”

“அதெல்லாம் அக்ரிமென்ட்ல எழுத மாட்டாங்கம்மா.”

“அப்புறம் அவங்க என்ன ஏஜென்ட்டு?”