நாளைக்கு இரண்டு குளிசை

உங்கள் கதவில் ‘விசாரனைக் குழு’ என்று ஒட்டியிருக்கிறீர்கள். டண்ணகரம் வரவேண்டிய இடம் அது. வெளியே காத்திருந்தபோது பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லாததால் கண்ணில் பட்டது. குறையாகச் சொல்லவில்லை. கொழும்பில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை வாசித்தே வயதானவனுக்கு இவையெல்லாம் மழையைப் போல. குடையை விரிக்கிறோம், மழையோடு சண்டைக்குப் போவதில்லை.

தேநீருக்கு நன்றி. சீனி போடாமல் தந்ததற்கு இன்னும் நன்றி.

பெயர் சிவபாதசுந்தரம். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில், மாடிக் குடியிருப்பொன்றில் தனியாக இருக்கிறேன். ஓய்வு பெறும்வரை தமிழ் இலக்கணம் கற்பித்தேன். அதன் பிறகு ஓர் ஆய்வு நிலையம் என்னை மொழி ஆலோசகராக அழைத்தது. இனிமையான இடம். மருத்துவர், உயிரியலாளர், பொறியியலாளர், சமூகக் கொள்கை வகுப்போர் என்று நான்கு வகை அறிஞர்கள் ஒரே மாடியில் இருந்தார்கள். ஒரு வகையார் சொல்வது மற்றொரு வகையாருக்கு விளங்காது. மத்தியானச் சோற்றுப் பார்சல் வந்து இறங்கும்போது மட்டும் நான்கு துறைகளும் ஒன்றாகும். அவர்கள் எழுதியவற்றில் ஒருமை எங்கே முடிகிறது, பன்மை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பது என் வேலை. மகிழ்ச்சியாகவே செய்தேன்.

பேசும் பெட்டி அந்த மேசையில்தான் பிறந்தது. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாத முதியவர்களுக்கு இரத்தம் கட்டியாகாமல் இருக்க ஒரு குளிசை கொடுப்பார்கள். அளவு குறைந்தால் இரத்தம் உறையும்; கூடினால் உள்ளே எங்கேயாவது கசியும். பலருக்கு ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு என்று மாறிமாறி எடுக்கும்படி எழுதிக்கொடுப்பதுண்டு. எந்த நாள் எந்த நாளென்பது வயதானவர்களுக்கு மறந்துபோகும். அதற்காகப் பொறியியலாளர் கார்த்திகன் ஒரு பெட்டி செய்தார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு மணி அடிக்கும். குளிசையை எடுத்துக்கொண்டு மூடியை மூடியதும், மறுநாள் எத்தனை எடுக்க வேண்டும் என்பதை ஒரு குரல் சொல்லும். அந்தக் குரல் என்னுடையது. என் ளகர ழகரங்களைப் பற்றி அந்த மாடியில் யாருக்கும் ஐயம் இருந்ததில்லை.

வாக்கியத்தையும் நானே எழுதினேன். ‘நாளை இரண்டு குளிசைகள்.’ மற்றைய நாளுக்கு ‘நாளை ஒரு குளிசை.’ ஆய்வை நடத்திய டொக்டர் நிருஷா அதை வாசித்துவிட்டு உதட்டைச் சுழித்தார்.

“சேர், குறை நினைக்காதேங்கோ. ‘நாளை’ எண்டு ஆர் வீட்டில கதைக்கினம்? நியூஸ் வாசிக்கிற மாதிரிக் கிடக்கு.”

“எங்கட மாமி கேட்டா ரேடியோவெண்டு நினைச்சு வயரைக் கழட்டிப் போடுவா,” என்றார் கார்த்திகன்.

“‘நாளைக்கு’ எண்டு போடுவம் சேர். சின்னச் சொல்தானே. அந்தக் ‘கள்’ளும் வேண்டாம். சனம் கதைக்கிற தமிழில இருக்கட்டும்.”

“சேர்ட தமிழை விழுங்கவே முதல்ல ஒரு குளிசை வேணும்,” என்றார் கொள்கைப் பிரிவிலிருந்து ஒருவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், நல்ல பகிடிதான். வாக்கியத்தை மாற்றி எழுதிக் கொடுத்தேன். ‘நாளைக்கு இரண்டு குளிசை.’

அந்தச் சொல்லைச் சற்றுக் கவனிக்க வேண்டும். ‘நாளை’ என்பதோடு உருபு சேர்ந்தாலும் ‘நாளைக்கு’ என்றுதான் வரும். ‘நாள் ஒன்றுக்கு’ என்பதையும் பேச்சில் ‘நாளைக்கு’ என்றே சொல்கிறோம். கடைக்காரரிடம் “நாளைக்கு ரெண்டு பக்கற் பால் போடுங்கோ” என்று சொல்லிப் பாருங்கள். ஒருநாளோடு நிறுத்துவாரா, மாதம் முழுக்கப் போடுவாரா என்பது அவருடைய கெட்டித்தனத்தைப் பொறுத்தது. பாலில் இந்த மயக்கம் பெரிதல்ல. கூடினால் தயிராக்கலாம்.

கொள்கைப் பிரிவினர் இன்னொரு திட்டமும் வைத்திருந்தார்கள். பெட்டி வெற்றி பெற்றால், நாட்டிலுள்ள எல்லாச் சுகாதார அறிவிப்புகளும் இனி வீட்டுப் பேச்சிலேயே அமைய வேண்டும் என்று அமைச்சுக்குப் பரிந்துரைப்பது. கண்காட்சிக்கு வைத்ததுபோல் ஒரு சுவரொட்டிகூடத் தயாராகியிருந்தது. அதில் எழுவாய் ஒரு பக்கமும் பயனிலை இன்னொரு பக்கமும் போய்க்கொண்டிருந்தன. நான் வாதாடினேன். அவர்கள் ஆதாரம் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. இலக்கண நூலில் விதிக்குப் பின்னால் எடுத்துக்காட்டு வரும். எடுத்துக்காட்டில்லாத விதியை மாணவர்கள் நம்புவதில்லை. விதி என்னிடம் இருந்தது.

இந்த இடத்தில் பேர்னாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் வசித்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வு பெற்றவர். கோயில் ஆண்டு மலருக்குப் பொறுப்பாக இருந்தார். அச்சுப்படி திருத்துவதற்காக யாரோ அவரை என்னிடம் அனுப்பியதில் பழக்கமாயிற்று. நான் ஒரு காற்புள்ளியை நீக்கினால் அதற்குக் காரணம் கேட்கமாட்டார். “மாஸ்டர் சொன்னாச் சரி” என்பார். அப்படி ஒரு வாசகர் எழுதுகிறவனுக்கு வாழ்நாளில் ஒருவர் கிடைத்தால் அதிகம். அவருக்கும் அதே குளிசைதான், ஒருநாள் ஒன்று, மறுநாள் இரண்டு. ஆய்வில் சேர்ப்பதற்கு அவருடைய பெயரை நிருஷாவிடம் கொடுத்தவன் நான். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் என்று சிபாரிசும் செய்தேன்.

ஏனையோர் பெரும்பாலும் சரியாகவே விளங்கிக்கொண்டார்கள் என்பதை நீங்களும் அறிவீர்கள். பிழையான வாக்கியத்தைச் சரியாகப் புரிந்துகொள்வதில் எங்கள் ஆட்களுக்கு நீண்ட பயிற்சி உண்டு. ஐயம் வந்த சிலர் தாதியிடம் கேட்டுத் தெளிந்தார்கள். பேர்னாட் என்னிடம் கேட்டார்.

“மாஸ்டர், பெட்டிக்குள்ள இருந்து பேசுறது நீங்கதானே? எங்க வீட்டம்மா போனதுக்குப் பொறகு எனக்கு ஓடர் போடுற மொத ஆள் நீங்கதான்.”

“குரல் தெளிவா இருக்கோ?” என்று கேட்டேன்.

“கண்ணாடி மாதிரி. ஆனா ஒரு சின்ன டவுட். இன்னைக்கு ஒண்ணு போட்டுட்டு மூடினேன். ஒடனே ‘நாளைக்கு ரெண்டு குளிசை’ன்னு சொல்லுது. நேத்து நாளைக்கு ஒண்ணுன்னு சொல்லிச்சி. கவர்மெண்ட் மாதிரி, தெனம் ஒரு பேச்சு. நாளைக்கு ரெண்டுன்னா, நான் போட்டது ஒண்ணுதானே? டொக்டரம்மா அளவக் கூட்டிட்டாங்களோ? இன்னும் ஒண்ணு போடணுமா?”

நான் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். “பெட்டி சொன்னபடி செய்யுங்கோ, பேர்னாட். அதில ஒவ்வொரு சொல்லும் யோசிச்சுத்தான் வைச்சிருக்கு.”

“மாஸ்டர் சொன்னாச் சரி,” என்றார்.

என் பதிலில் பொய் இல்லை. இன்னொன்றை எடுக்கும்படி நான் சொல்லவில்லை. இந்த இரண்டையும் நீங்கள் தனித்தனியாகக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று எடுக்க வேண்டிய நாள்களில் அன்றிலிருந்து அவர் இரண்டு எடுத்தார்.

மலரின் அச்சுப்படியோடு சில வாரங்கள் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். உற்சாகமாகத்தான் இருந்தார். இஞ்சி தட்டிப் போட்ட பிளேன் டீ தந்தார். சட்டைக் கையை மடித்து முழங்கைக்குக் கீழே காட்டினார். ஊதா நிறத்தில் அகலமான ஒரு கன்றல்.

“பாத்தீங்களா மாஸ்டர், பச்சை குத்தின மாதிரி. பஸ்ஸுல கம்பியில லேசாத்தான் பட்டிச்சி. பல்லு வெளக்கினாலும் வாயெல்லாம் ரத்தம். வயசு போனா தோலும் பழைய சைக்கிள் டியூப் மாதிரிதான் என்ன?”

அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்று கேட்டேன். இன்னும் நாள் இருப்பதாகச் சொன்னார். பிறகு அச்சுப்படியைப் பார்த்தோம். ‘நினைவுகூர்தல்’ என்பதை இரண்டு சொல்லாகப் பிரித்திருந்தார்கள், சேர்த்துவிட்டேன்.

நிருஷாவிடம் அன்றே சொல்லியிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் பஸ்ஸில் திரும்பி வரும்போது அதையே நினைத்தேன். ஆனால் ஆய்வொன்று நடந்துகொண்டிருக்கும்போது அதில் சம்பந்தப்பட்டவர் குறுக்கிட்டால் தரவு கெட்டுவிடும் என்று நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே எனக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். அவர்களுடைய விதியை மதித்தேன். என் விதியை அவர்கள் மதிக்கவில்லை என்பது வேறு விடயம். பேர்னாட் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் படுப்பார், நிருஷா தலையில் கைவைத்துக்கொள்வார், ‘நாளை’ தன் இடத்துக்குத் திரும்பும் என்பதே என் எதிர்பார்ப்பு. அதிகமாக எதையும் விரும்பியவனல்ல நான்.

பேர்னாட் குளியலறைப் படியில் சறுக்கி விழுந்தார். எழுந்து, தலையைத் தடவிக்கொண்டு, மகளிடம் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் படுத்தார். மற்றவருக்கு அது தலையில் ஒரு புடைப்போடு போயிருக்கும். அவருக்கு உள்ளே இரத்தக் கசிவு நிற்கவில்லை. விடிய மகள் எழுப்பியபோது எழும்பவில்லை.

சவ அடக்கத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சற்று நேரம் இருந்தேன். இரவுச் சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்தபோது பெட்டி மணி அடித்தது. மகள் ஓடிப்போய் மூடியைத் திறந்து மூடினார். என் குரல் கேட்டது.

“மாஸ்டர், இத எப்புடி நிப்பாட்டுறது?” என்று கேட்டார். “தெனமும் இந்த நேரம் வந்தா அப்பாவுக்குச் சொல்லுது.”

எனக்குத் தெரியவில்லை, கார்த்திகனிடம் சொல்வதாகச் சொன்னேன். ஆனால் கேட்டுக்கொண்டிருந்தேன். ‘குளிசை’யில் ளகரம் நன்றாக விழுந்திருந்தது.

குரலைப் பதிவு செய்த அன்றைய சம்பவம் ஒன்று விட்டுப்போயிற்று. கார்த்திகன் உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்; அவருக்கு அது ஒரு விடயமாகத் தோன்றியிராது. முதல் பதிவு நன்றாக வந்தது. “சேர், ஓகே, அருமை,” என்று காதில் மாட்டியிருந்த கேட்புக் கருவியைக் கழற்றப் போனார். அந்தப் பதிவில் ‘நாளைக்கு’ என்று சொல்லிவிட்டு, பழக்கத்தினால் ஒரு சிறு நிறுத்தம் விட்டு, பிறகு ‘இரண்டு குளிசை’ என்று சொல்லியிருந்தேன். அந்த நிறுத்தம் இருந்தால் எவரும் மயங்கமாட்டார்கள். மறுநாளைக் குறிக்கிறது என்பது குழந்தைக்கும் விளங்கும். பேர்னாட்டுக்கும் விளங்கியிருக்கும். இன்னொரு முறை பதிவோம் என்று சொன்னவன் நான். இரண்டாம் முறை மூச்சு விடாமல் ஒரே ஓட்டமாகச் சொன்னேன். “முந்தினது வடிவா இருந்தது சேர்,” என்றார். முந்தியதை அழித்துவிடச் சொன்னேன். மரியாதையான பிள்ளை, அழித்துவிட்டார்.

பேர்னாட்டின் அடக்கத்துக்குப் பிறகு நடந்தவை எல்லாம் நல்லவையே. பெட்டியில் எஞ்சிய குளிசைகளை எண்ணிப் பார்த்து, அவர் எப்படி விளங்கிக்கொண்டார் என்பதைக் கண்டுபிடித்தார்கள். பரிந்துரை மீளப்பெறப்பட்டது. சுவரொட்டியைக் கழற்றிச் சுருட்டி அலுமாரிக்கு மேலே போட்டிருக்கிறார்கள். எல்லாப் பெட்டிகளிலும் இப்போது ‘நாளை’ என்றே ஒலிக்கிறது. அந்தப் பதிவுக்கும் என்னையே அழைத்தார்கள். நிருஷா என் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்து அழுதார். “சேர், நீங்கள் எழுதினதை நான் மாத்தியிருக்கக் கூடாது. நான்தான் அந்த மனிசனைக் கொண்டுட்டன்,” என்றார். தண்ணீர் கொடுத்தேன். இளம் வயதில் எல்லோரும் பிழை விடுவார்கள் என்று ஆறுதல் சொல்லி அவரை மன்னித்தேன்.

அத்தோடு முடிந்திருக்கும். நானும் இன்று இங்கே வந்திருக்கமாட்டேன். யாரும் என்னை அழைக்கவில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் கடந்த வாரம் உங்கள் குழுவின் முடிவுரையை எனக்கு அனுப்பியிருந்தீர்கள், வழக்கம்போல் மொழித் திருத்தத்துக்காக. அதில் இப்படி ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘மொழி ஆலோசகர் மேற்படி சொல்லின் இரட்டைப் பொருளைக் கவனிக்கத் தவறியமையால் திரு. பேர்னாட் உயிரிழக்க நேர்ந்தது.’

அதைப் பலமுறை வாசித்தேன். அன்றிலிருந்து எனக்குச் சரியான நித்திரை இல்லை. நான் முகங்கொடுக்க வேண்டியவற்றைப் பற்றி எனக்குக் கவலையில்லை. சட்டத்துக்கு அதன் இலக்கணம் இருக்கிறது. ஆனால் இந்த வாக்கியம் அச்சேறிவிடும். என்னிடம் படித்தவர்கள் வாசிப்பார்கள். பாலர் வகுப்புப் பிள்ளை காணக்கூடிய ஒரு பொருள் மயக்கத்தைச் சிவபாதசுந்தரம் காணாமல் விட்டார் என்று நம்புவார்கள். பேர்னாட் இருந்திருந்தால் அவரே இதை அனுமதித்திருக்கமாட்டார்.

ஆகவே திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன். ‘நேர்ந்தது’ வேண்டாம், எதுவும் தானாக நேர்வதில்லை. ‘தவறியமையால்’ என்பது தகவற்பிழை, நீக்கியிருக்கிறேன். எழுவாயை மாற்றவில்லை.

‘மொழி ஆலோசகர் கவனித்தமையால் பேர்னாட் இறந்தார்.’

இதற்கு இரண்டாவது பொருள் கிடையாது.