மாறிய மாத்திரை டப்பா

தொண்ணூறுகளில் ஒரு மாலை, பூந்தமல்லியிலிருந்து ஆவடி செல்லும் பேருந்தில், என் முன்னிருக்கையில் இருவர் அமர்ந்திருந்தனர். அரிதான தோல் புற்றுநோய்க்கு, எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புது மாத்திரையைச் சோதிக்கும் மருத்துவமனையிலிருந்து திரும்புகிறார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

“உன் டப்பாவ நான்தான் மாத்தி எட்த்துகினேன், அண்ணாத்தே,” என்றான் இளையவன். “பாதிப் பேருக்கு மருந்தில்லாத வெறும் மாவு மாத்திரதான்னாங்க. உனக்குத் திட்டு மறைஞ்சிகினே வந்துச்சி, எனக்குப் பரவிகினே போச்சி.”

“தெரியும் நைனா. அந்த வாரமே எனக்கு அரிப்பு திரும்பிடிச்சி.”

“பின்ன இன்னாத்துக்கு டாக்டராண்ட சொல்லல?”

பெரியவர் இளையவனின் சட்டைக் கையை மெல்லச் சுருட்டி, திட்டு மறைந்து ஆறிப்போன முன்கையைச் சேக்காட்டு நிறுத்தம் வரும்வரை தடவிக்கொண்டிருந்தார்.

“பத்ரமா வெச்சிக்கோ,” என்றார் எழுந்தபடி. “இது என் தோலு.”