சத்தம் வர வேண்டிய தரை

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் வீட்டுக்காரர், மற்றவர் அவர் வீட்டுக்கு மரத்தரை போடப் போகிறவர்.

"லேமினேட் பலகையை நீங்க சொன்னாப்பல ரெண்டு நாளா ரூமுக்குள்ளயே வெச்சிருக்கறனுங்க," என்றார் வீட்டுக்காரர்.

"நல்லதுங்க. அடியில தடிமனா ஃபோம் விரிச்சறலாங்க. நடந்தா சத்தமே கேக்காது."

"இல்லீங்க. சத்தம் வரோணும்."

மற்றவர் சிரித்துவிட்டார். "எல்லாரும் சத்தம் வேண்டாம்னுதானுங்க சொல்லுவாங்க."

"எங்கூட்டுக்காரிக்குக் காது கேக்காதுங்க. டைல்ஸ்ல ஆள் வர்றது தெரியறதில்ல. தொட்டா பதறிப்போறா. முந்தி அவ வேலை செஞ்ச கம்பெனி மாடியில பலகைத் தரைங்க. பின்னால யாரு வந்தாலும் பலகை அதிர்றத வெச்சுக் காலுலயே கண்டுபுடிச்சிருவா."

தரை போடுகிறவர், "ஃபோமே இல்லாட்டி இணைப்பு விட்டுருமுங்க. இருக்கறதுலயே மெல்லிசாப் பார்த்துப் போட்டுத் தர்றனுங்க," என்றார்.

பஸ் ஸ்டாண்டில் வண்டி நின்று இன்ஜின் அணைந்தது. வீட்டுக்காரர் எழுந்து, குதிகாலால் பஸ்ஸின் தரையை அதிர இரண்டு முறை தட்டினார். முன்னால் ஜன்னலோரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்த பெண் திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.