கன்ட்ரோல் தெரு

டீ வேண்டாம் இன்ஸ்பெக்டர் சார், தண்ணீர் போதும். காய்ச்சின தண்ணீர்தானா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். வீம்புக்குச் சொல்லவில்லை, படித்த படிப்பு அப்படி.

நான் திருமுருகன், எம்.எஸ்ஸி. மைக்ரோபயாலஜி. திருவொற்றியூர்க் கரையோரம் எங்கள் குப்பத்தில், கடலுக்குப் போகாமல் கல்லூரிக்குப் போன முதல் ஆள். சேர்ந்த அன்று துறைத்தலைவர் வரிசையாக அடுக்கினார்: ஆஸ்பத்திரி லேப், மருந்துக் கம்பெனி, தடுப்பூசி ஆராய்ச்சி. கேட்க ஜோராக இருந்தது. எனக்குக் கிடைத்தது பரசுராமனின் கேன் வாட்டர் கம்பெனி. லைசென்ஸுக்கு மைக்ரோபயாலஜி படித்தவன் ஒருவன் வேண்டும் என்பதால் வைத்துக்கொண்டார். என்னோடு படித்தவன் ஒருவனுக்கு இதே மாதிரி இடத்தில் சர்டிபிகேட் மட்டும்தான் சுவரில் தொங்குகிறது. ஆள் புளியந்தோப்பில் ஒரு செல்போன் கடையில் நிற்கிறான்.

நான் அப்படி ஏமாற்றவில்லை. தினமும் தண்ணீரைத் தட்டில் விட்டு, சூட்டுப் பெட்டிக்குள் வைத்து, மறுநாள் எடுத்துப் பார்ப்பேன். கிருமி இருந்தால் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். ஒருநாள் முளைத்திருந்தது. போர்வெல் தண்ணீரில் சாக்கடை கலந்திருக்கிறது, கிருமியைக் கொல்லும் யூ.வி. விளக்கும் பழசாகிவிட்டது என்று முதலாளியிடம் தட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"இன்னா நைனா, காலீலயே பேஜாரு பண்றே? நானும் இத்தத்தான் குடிச்சிக்கினு கீறேன். எனக்கு இன்னா ஆயிடுச்சு?"

நான் விடவில்லை, நச்சரித்தேன். கடைசியில் தொல்லை தாங்காமல் புது விளக்கு வாங்கிப் போட்டார். அதன்பிறகு தட்டில் ஒன்றும் முளைக்கவில்லை.

அதற்குப் பரசுராமன் எனக்குக் கொடுத்த பரிசு இது: "அதான் லைட்டு கீதே, நீ இன்னாத்துக்கு தெனிக்கும் வர்றே? சர்டிபிகேட்ட மாட்டி வெச்சிட்டு, சனிக்கெழம வந்து ஒரு கையெழுத்து போட்டுட்டுப் போ." லோடு ஏற்றுபவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். வண்டி ஓட்டும் ஜெயவேல்கூடச் சிரித்தான். எனக்கு வயிறு எரிந்தது சார். ஒன்றும் முளைக்காத தட்டை யாரும் மதிப்பதில்லை. நான் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குக் காட்ட வேண்டியிருந்தது.

கோபத்தில் செய்ததாக எழுதிவிடாதீர்கள். கோபக்காரன் கண்மண் தெரியாமல் செய்வான். நான் முறைப்படி செய்தேன். முதல் செமஸ்டரிலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: சோதனை என்றால் இரண்டு கூட்டம் வேண்டும். ஒன்றில் மாற்றம் செய்ய வேண்டும், மற்றதை அப்படியே விட்டுவிட வேண்டும். அப்படி விடுவதற்குப் பெயர் கன்ட்ரோல். அது இல்லாத சோதனையை எவனும் ஒப்புக்கொள்ள மாட்டான்.

எங்கள் குப்பத்தில் அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். அதனால் வீட்டுக்கு வீடு எங்கள் கேன்தான். கிழக்குத் தெரு, மேற்குத் தெரு என்று இரண்டே தெரு. ஒரே மீன், ஒரே காற்று, ஒரே ஜனம். இதைவிடப் பொருத்தமான ஜோடி யாருக்கும் கிடைக்காது. கையெழுத்துப் போடப் போன சனிக்கிழமை, விளக்கு எரியும்போது பிடித்த காலை லோடு மேற்குத் தெருவுக்குப் போனது. சாயங்கால லோடுக்கு விளக்கை அணைத்தேன். அது கிழக்குத் தெருவுக்குப் போனது. எங்கள் வீடு மேற்குத் தெருவில் இருப்பது தற்செயல்.

என் தங்கை சௌமியாவைப் பற்றிக் கேட்டீர்கள். என்னைப் பார்த்துத்தான் அவளும் மைக்ரோபயாலஜி எடுத்தாள். தட்டில் முதன்முதலாகக் கிருமி வளர்த்தபோது, ஏதோ குழந்தை பிறந்த மாதிரி போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினாள். கன்ட்ரோல் என்றால் என்ன என்று அவளுக்குப் புரியவைத்ததும் நான்தான். கிழக்குத் தெருவில் அங்கம்மா பாட்டி வீட்டுச் சின்ன ஹாலில், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பாள். எங்கள் ஜனத்தில், வீட்டுக்கு வந்தவர் கையில் முதலில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொடுப்பார்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்கிவிடும். இது எனக்குத் தெரியாதா? அங்கே குடிக்காதே என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் ஏன் என்று கேட்பாள், ஊரே உஷாராகிவிடும், சோதனை கெட்டுவிடும். பேசாமல் இருந்துவிட்டேன்.

கிழக்குத் தெருவில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அங்கம்மாவின் பேரன் முதலில் இறந்துபோனான், பிறகு அங்கம்மா. சௌமியாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "நீங்க மைக்ரோபயாலஜி படிச்சவராமே, தண்ணில எதாவது இருக்குமா?" என்று கேட்டார். என்ன கிருமி என்று எனக்குத் தெரியும், தட்டில் பார்த்திருந்தேன். எந்த மருந்துக்கு அடங்கும் என்பதும் தெரியும். ஆனால் நான் சொன்னால் அது வெறும் வாய்ச்சொல். அவர்கள் லேபில் தானாக முளைத்து வந்தால்தான் அத்தாட்சி. "ரிப்போர்ட் வரட்டும் டாக்டர்" என்றேன்.

சௌமியா கெட்டிக்காரி. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்த கையால் என் சட்டையைப் பிடித்தாள்.

"அண்ணா, ரெண்டு தெருவுக்கும் ஒரே கம்பெனி கேன்தானே? நம்ம தெருவுல ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்ல. அங்க மட்டும் எப்டிணா?"

எவ்வளவு சரியான கேள்வி. எனக்குப் பெருமையாக இருந்தது. பேசாமல் படு என்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், அப்புறம் சட்டையை விட்டுவிட்டாள். ரிப்போர்ட் வருவதற்குள் சிறுநீரகம் நின்றுபோய்விட்டது. ரிப்போர்ட்டில் இருந்தது நான் எதிர்பார்த்த கிருமிதான்.

சாவு வீட்டுக்குப் பரசுராமன் வந்தார். "நீ அப்பவே சொன்னியே நைனா, நான்தான் கேக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ஜெயவேல் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை.

விளக்கை அணைத்தது நான்தான் சார், எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். பேப்பரில் மூன்று சாவு என்று போட்டிருக்கிறார்கள். இரண்டுதான். சௌமியா மேற்குத் தெரு. கன்ட்ரோலில் யாரும் சாகவில்லை.