வைஸுக்குள் ஒரு டிக்கெட்

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் போகும் மாலை ரயிலில், என் எதிரே இருந்த பெரியவர் மடியில், இரும்புத் துண்டுகளைக் கவ்விப் பிடிக்கும் ஒரு பழைய பெஞ்ச் வைஸை வைத்திருந்தார். சுரங்கத்தில் ஃபிட்டராக இருந்தவராம். வீட்டுப் பட்டறைக்கு வாங்கிப் போவதாகப் பக்கத்துப் பயணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பங்காருபேட்டை தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார்.

"டிக்கெட் வைஸுக்குள்ள இருக்கு சார்," என்றார் பெரியவர்.

இரும்புத் தாடைகளுக்கு நடுவே காகிதத்தின் ஒரு மூலை மட்டும் வெளியே தெரிந்தது.

"அங்க இன்னாத்துக்கு வெச்சீங்க?"

"பேப்பரைக் கவ்வ வெச்சு இழுத்துப் பாக்கணும் சார். வரலன்னா நல்ல வைஸு. மைன்ல அப்பிடித்தான் பாப்போம். கடையில அந்த நேரத்துக்குக் கையில இருந்தது ரிட்டன் டிக்கெட்தான்."

"சரி, திருகி எடுங்க."

"கைப்பிடி இல்ல சார். கடைக்காரர் தன்னோடதைப் போட்டு இறுக்கிட்டு, திருப்பி வாங்கிக்கினாரு. ஆண்டர்சன்பேட்டையில வீட்ல திருகறதுக்குக் கம்பி இருக்கு. வாங்க, எடுத்துக் காட்டறேன்."

"பழசுல புடிமானமே இருக்காதே," என்றார் பக்கத்துப் பயணி.

"என் வீட்டுக்காரியும் அதான் சொல்றா. கெட்டியா புடிக்கலன்னா நாளைக்கே பழைய இரும்புக்குப் போட்டுடுவாளாம்."

பரிசோதகர் மூலையைப் பிடித்து இழுத்தார். பிறகு இருக்கையில் ஒரு காலை ஊன்றி இழுத்தார். மூலை மட்டும் கிழிந்து கையோடு வந்தது.

"ஃபைன் கட்டணும் பெரியவரே."

"தாராளமா கட்டறேன் சார். ரசீதுல 'இழுத்தும் வரல'ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வீட்ல காட்டணும்."