பெயரில்லாத வெள்ளிக்காசு

இல்லையண்ணை, கள்ளக்காசு எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. வடிவாத் திருப்பிப் பாருங்கோ. வெள்ளி. எழுநூத்தி எண்பது வருசம்.

என்ன, கார்ட் அடிக்கிறவன் காத்துக்கொண்டு நிக்கிறானோ? நிக்கட்டும். கலியாணத்துக்கு ரெண்டு மாசம் கிடக்கு, என்ர விதுஷாவும் உங்கட மகன் நிர்மலனும் ஓடியே போகப்போகினம்? கார்ட்டில என்ர பெயரை எப்பிடிப் போடுறதெண்டு கேக்கத்தானே டூட்டிங்கில இருந்து வந்தனீங்கள், சொல்லுறன். ஆனா சந்தையில என்ர மேசைக்கு முன்னால இருந்துகொண்டு என்ர சாமானைக் கள்ளமெண்டால் நான் சும்மா விடமாட்டன்.

ஓம், ராசான்ர பெயர் இல்லைத்தான். குதிரையில இருந்துகொண்டு பின்னால திரும்பி அம்பு விடுறான் பாருங்கோ, அவனுக்கு மேல எழுதிக்கிடக்கிறது வெறும் பட்டம். பெரிய மொங்கோலிய நாட்டின்ர தலைவர், அவ்வளவுதான். ஆரெண்டு இல்லை. ஏனெண்டால் பெரிய கான் செத்துப்போனார். அடுத்தவரைத் தெரிஞ்செடுக்க அஞ்சு வருசம் மட்டில இழுபட்டது. அதுவரைக்கும் செத்தவற்ற மனிசிதான் ஆண்டவ. ஜோர்ஜியாவில காசு அடிக்கிறவன் ஆற்ற பெயரைப் போடுறது? பிழையான பெயரைப் போட்டால் கழுத்துப் போயிடும். சனத்துக்கோ காசு வேணும். பெயரில்லாமலே அடிச்சான், சனமும் வாங்கிச்சுது. வெள்ளி வெள்ளிதானே!

எங்க படிச்சனானோ? நல்ல கேள்வி. ஒரு நாணய வியாபாரியின்ர கந்தோரில பதினொரு வருசம் நிலம் துடைச்சனான். அந்தாள் எறிஞ்ச புத்தகமெல்லாம் வீட்டை கொண்டுபோய்ப் படிச்சன். இப்ப அவரே ஞாயிற்றுக்கிழமையில இந்தச் சந்தைக்கு வந்து என்னட்டை விலை கேக்கிறார். ஒரு பென்னியும் குறைக்கிறேல்லை.

சரி, எழுதுங்கோ. கணேசலிங்கம் வேண்டாம், அதை வெட்டுங்கோ.

ஏன் முழிக்கிறியள்? அது என்னை இங்க அனுப்பின ஏஜென்சிக்காரன் தந்த பாஸ்போட்டில கிடந்த பெயர். அந்த மனிசன் ஆரெண்டே எனக்குத் தெரியாது. முப்பத்தொரு வருசம் அவற்ற பெயரில உழைச்சன், வரி கட்டினன், ஒரு கெட்ட சொல்லு வராமல் வைச்சிருந்தன். மகளின்ர கலியாணத்திலயும் ஆரோ ஒருத்தர் தகப்பனா நிக்க ஏலாது. விசா குடுக்கிற ஹோம் ஒஃபிஸுக்குப் போன கிழமை நானே உண்மையை எழுதிப்போட்டன். வாறது வரட்டும். விதுஷாவுக்குத் தெரியும். நிர்மலனுக்கும் தெரியும். சம்பந்தம் வேண்டாமெண்டால் இப்பவே சொல்லிப்போட்டு எழும்புங்கோ, கோவிக்கமாட்டன்.

எழும்பேல்லையோ?

அப்ப போடுங்கோ. சற்குணம். பெரிய ற.